கேட்பவர் தீர்ப்பு: தமிழ்க் காதல் நாவலும் அதன் வாசகியரும்

தமிழில் இன்று வெளிவரும் காதல் நாவல்களில் பெரும்பாலானவை பெண்களால் எழுதப்பட்டு, பெண்களாலேயே படிக்கப்பட்டு, பெண்களாலேயே மதிப்பிடப்படுகின்றன. ஒரு நாவலை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை குரலில் வாசித்துப் பதிவு செய்யும் ஒலிநூல் என்ற வடிவம் பரவிய பிறகு, கதையோடு அதை வாசித்த குரலும் இம்மதிப்பீட்டுக்கு உட்படுகிறது. இலக்கிய வரலாறுகள் இவ்வகை நாவல்களை ஓரிரு வரிகளில் கடந்துவிடுவது வழக்கம் என்பதால், இவற்றின் வாசகியர் புதிதாக முளைத்த கூட்டம்போலவும், ஒலிநூல் தொழில்நுட்பம் தந்த திடீர் வரவுபோலவும் தோன்றக்கூடும். ஆனால் தமிழ் நாவலின் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டு வரலாற்றைப் பின்னோக்கிப் பார்த்தால், காதால் கேட்பதும் கேட்டதைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதும் இவ்வகையின் தொடக்கத்திலேயே இருந்தன என்பதும், அத்தீர்ப்பு அச்சில் இடம்பெறத்தான் நெடுங்காலம் பிடித்தது என்பதும் தெளிவாகும்.

நாவல் வருவதற்கு முன் தமிழ்நாட்டில் கதை என்பது பெரிதும் பலர் கூடிக் கேட்கும் பொருளாகவே இருந்தது. கோயில் மண்டபங்களில் புராணப் பிரசங்கமும், ஊர்ப் பொதுவிடங்களில் பாரத வாசிப்பும் நடந்தன. நல்லதங்காள் கதை, தேசிங்குராஜன் கதை போன்றவை ‘பெரிய எழுத்து’ப் பதிப்புகளாக, அதாவது குறைந்த எழுத்தறிவுடையவரும் மங்கலான விளக்கொளியில் கூட்டிப் படிக்கத்தக்க பெரிய அச்செழுத்துகளில் அடிக்கப்பட்ட மலிவு நூல்களாக, சந்தைகளிலும் திருவிழாக்களிலும் விற்கப்பட்டன. ஒருவர் இராகமிட்டுப் படிக்க மற்றவர் சூழ்ந்திருந்து கேட்பதே அந்நூல்களின் பயன்பாட்டு முறை. எழுத்தறிந்த பெண்கள் மிகச் சிலராக இருந்த அக்காலத்தில், இவ்வழக்கமே பெண்களுக்கு அச்சிட்ட கதைகளோடு உறவை ஏற்படுத்தியது.

மாயூரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை 1879-இல் வெளியிட்ட ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ தமிழின் முதல் நாவலாகக் கொள்ளப்படுகிறது. பெண்கல்விக்காகத் தொடர்ந்து எழுதிவந்த அவர், தம் நாவலின் அறிவுக்கூர்மை முழுவதையும் நாயகி ஞானாம்பாளிடமே வைத்தார். கணவனைப் பிரிந்த நிலையில் ஆண்வேடம் பூண்டு அரசாளும் அளவுக்கு அவள் உயர்கிறாள். எனினும் பிரதாப முதலியும் ஞானாம்பாளும் உறவுமுறைப் பிள்ளைகளாக ஒன்றாக வளர்ந்து மணம் புரிபவர்களே அன்றி, ஒருவரை ஒருவர் தேடிக் கண்டடைபவர்கள் அல்லர். ‘விவேக சிந்தாமணி’ இதழில் 1893 முதல் 1895 வரை தொடராக வந்த ராஜமய்யரின் ‘கமலாம்பாள் சரித்திர’த்திலும், சிறு வயதிலேயே மணமுடிக்கப்பட்ட ஸ்ரீநிவாசனும் லக்ஷ்மியும் திருமணத்துக்குப் பின்னரே ஒருவர்மேல் ஒருவர் அன்பு கொள்கின்றனர். அ. மாதவையாவின் ‘பத்மாவதி சரித்திர’மும் (1898) மணவாழ்வையும் அதில் நுழையும் சந்தேகத்தையுமே களமாகக் கொள்கிறது.

இவ்வொற்றுமைக்குக் காரணம் எழுத்தாளர்களின் கற்பனைக் குறைவன்று. பெண்குழந்தைக்குப் பருவமெய்துமுன் மணம் முடிக்கும் வழக்கம் நிலவிய சமூகப் பிரிவுகளிலிருந்தே அன்றைய நாவலாசிரியர் பலர் வந்தனர் என்பதும், அத்தகைய இல்லங்களில் மணமாகாத வாலிப வயதுப் பெண் என்ற பாத்திரமே அரிது என்பதும் அதற்குக் காரணங்கள். ஆகவே காதலைக் கதையாக்க விரும்பியவருக்குச் சில வழிகளே எஞ்சின: மணமானவர்களையே காதலர்களாக்குவது, இளம் விதவையை நாயகியாக்குவது, தாசியரையோ அரச குலத்தவரையோ நாடுவது, அல்லது அயல்நாட்டுக் கதையைத் தழுவுவது. மறைமலையடிகள் ஆங்கில நாவலாசிரியர் ரெயினால்ட்ஸின் கதையொன்றைத் தழுவி ‘குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி’யையும் (1911), இளம் விதவை ஒருத்தியின் காதலைக் கடிதங்களாலேயே சொல்லும் ‘கோகிலாம்பாள் கடிதங்க’ளையும் (1921) எழுதியதை இந்தப் பின்னணியில் வைத்தே புரிந்துகொள்ள வேண்டும். ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே.ஆர். ரங்கராஜு ஆகியோரின் துப்பறியும் கதைகளிலும் காதலுக்கு இடமிருந்தது. ஆனால் அங்கே கடத்தலும் மாறுவேடமும் சூழ்ச்சியும் சேர்ந்தே அதற்கு வழிவிட்டன.

பெண்ணே கதை சொல்பவளாக மாறிய கட்டத்தை வை.மு. கோதைநாயகியின் (1901–1960) வாழ்வில் நெருங்கிப் பார்க்கலாம். ஐந்தரை வயதில் மணமுடிக்கப்பட்டுத் திருவல்லிக்கேணியில் வாழ்ந்த அவர், முறையான பள்ளிப் படிப்பு இல்லாதவர். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கும் தோழியருக்கும் கதை சொல்லிப் பழகியவர். அவருடைய முதல் படைப்பான ‘இந்திரமோகனா’ என்னும் நாடகம் அவர் வாய்மொழியாகச் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாளின் கையால் எழுதப்பட்டது; 1924-இல் அது நூலாயிற்று. அதன் பின்னரே கோதைநாயகி எழுதுவதில் தேர்ச்சி பெற்று, 1925-இல் ‘ஜகன்மோகினி’ இதழை ஏற்று, தம் வாழ்நாளின் எஞ்சிய பகுதி முழுவதும் அதை நடத்தி, 115 நாவல்களை எழுதி முடித்தார். ஆக, தமிழின் வெகுசன நாவலாசிரியைகளில் முன்னோடியான ஒருவரின் எழுத்துவாழ்வு வாய்ச்சொல்லில் தொடங்கி, எதிரே அமர்ந்து கேட்ட பெண்களின் விருப்பு வெறுப்புகளை அறிந்தே வளர்ந்தது. தொடர்ந்து நிகழும் உரையாடல், அத்தியாய இறுதியில் வரும் திருப்பம், முன்னர் நடந்ததை நினைவூட்டும் சுருக்கம் என அவர் காலத்து நாவல்களில் பரவலாகக் காணப்படும் கூறுகளைக் கலைக்குறைகளாகப் பின்னாளைய விமரிசகர் எண்ணினர். செவிவழிக் கதை கேட்பவருக்கோ அவை இன்றியமையாதவை.

ஆயினும் இந்தக் கேட்போரின் கருத்து அச்சில் ஏறவில்லை. நாவல் படிப்பதால் பெண்கள் வீட்டுவேலையை மறப்பர், மனம் கெடுவர் என்று அஞ்சியவர் ஒருபுறம். 1933-இல் தொடங்கிய ‘மணிக்கொடி’ இதழின் வழிவந்த எழுத்தாளர்களைப் போன்று, தழுவலையும் மலிவான உணர்ச்சியையும் இகழ்ந்தவர் மறுபுறம். இவ்விரு தரப்பினரும் எதிரெதிர் நோக்கம் கொண்டவர்களாயினும், வாசகியைத் தீர்ப்புக்கு உரியவளாகக் கண்டார்களே அன்றித் தீர்ப்பு வழங்கத்தக்கவளாகக் காணவில்லை என்பதில் ஒத்திருந்தனர்.

இந்நிலையை மாற்றியது தொடர்கதை. எஸ்.எஸ். வாசன் 1928-இல் ஏற்ற ‘ஆனந்த விகடன்’, 1941-இல் தொடங்கிய ‘கல்கி’ ஆகிய இதழ்கள் ஒரு நாவலை வாரந்தோறும் பகுதி பகுதியாக வெளியிட்டபோது, கதை முடியுமுன்பே வாசகர் கருத்துச் சொல்லும் இடைவெளி உருவாயிற்று. பல வீடுகளில் இதழ் வந்த அன்று ஒருவர் படிக்க மற்றவர் கேட்பதும், தொடர் முடிந்ததும் அதன் பக்கங்களைக் கிழித்து அடுக்கிப் ‘பைண்டு’ செய்து வைப்பதும் வழக்கமாயின. மறுபக்கத்தில் பாதியில் அறுந்த துணுக்கும் தைல விளம்பரமும் சேர்ந்தே தைக்கப்பட்டிருக்கும் இந்தத் தொகுப்புகள் தெருவெங்கும் கைமாறி, வாடகை நூலகங்களையும் அடைந்தன. எழுத்தாளர் கல்கியின் ‘கள்வனின் காதலி’ (1937) போன்ற கதைகளில் மணத்துக்கு முந்திய காதல் நாயக நிலையை எய்தியது. குழந்தைமணத் தடுப்புச் சட்டம் 1929-இல் நிறைவேறிப் பெண்ணின் மணவயதைப் பதினான்காக உயர்த்தியதும், பெண்கள் பள்ளியிலும் கல்லூரியிலும் கூடுதலாகச் சேர்ந்ததும், அத்தகைய கதையை நம்பத்தக்கதாக்கின. மருத்துவம் பயின்ற காலத்திலேயே எழுதத் தொடங்கிய எழுத்தாளர் லக்ஷ்மி, படித்து வேலைக்குச் செல்லும் நாயகியை நடுத்தரக் குடும்பக் கதைக்குள் கொண்டுவந்தார்.

வாசகர் தீர்ப்பின் வலிமைக்கு 1960-களிலிருந்து இரண்டு சான்றுகள் தரலாம். நா. பார்த்தசாரதியின் ‘குறிஞ்சி மலர்’ தொடரில் வந்த அரவிந்தன், பூரணி என்னும் பெயர்களைப் பெற்றோர் பலர் தம் பிள்ளைகளுக்குச் சூட்டினர். மணத்தில் முடியாத அந்தக் காதலுக்கு வாசகர் அளித்த ஏற்பு, பிறப்புப் பதிவேடுகளில் பதிந்த விமரிசனம் எனத் தகும். இதற்கு மாறாக, ஜெயகாந்தன் 1966-இல் ‘ஆனந்த விகட’னில் எழுதிய ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதையின் முடிவு கடும் எதிர்ப்பையும் ஆதரவையும் ஒருங்கே கிளப்பியது. கெடுக்கப்பட்ட மகளின் தலையில் தண்ணீரை ஊற்றி, அவள் தூய்மையாகிவிட்டாள் என்று தாய் ஏற்றுக்கொள்ளும் அம்முடிவை மறுத்தவர்களுக்கு விடையாக, தாய் அவ்வாறு செய்யாதிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை ஜெயகாந்தன் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ என்ற நாவலாக விரித்தார். வாசகரின் மறுப்பே ஒரு நாவலின் கருவாக அமைந்த அரிய நிகழ்ச்சி இது.

1969-இல் தொடங்கிய ‘ராணி முத்து’, பின்னர் வந்த ‘மாலைமதி’, 1980-களில் பெருகிய பாக்கெட் நாவல்கள் ஆகியவை இவ்வாசிப்பின் அமைப்பை மீண்டும் மாற்றின. மலிவுத் தாளில் வண்ண அட்டையுடன் ஒரே இதழில் முழுக்கதையையும் தரும் இத்தகைய மாத நாவல்கள் பேருந்து நிலையக் கடைகளில் தொங்கவிடப்பட்டு, ஓர் இரவிலோ ஒரு பயணத்திலோ தனியாகப் படித்து முடிக்கப்பட்டன. எழுத்தறிவு பெருகியதால் வீட்டில் ஒருவர் உரக்கப் படிக்க வேண்டிய தேவை குறைந்தது. காதல் கதை மௌன வாசிப்புக்கு உரியதாயிற்று. இக்காலத்தில் ரமணிசந்திரன் அடைந்த புகழ் சிறப்பாக நோக்கத்தக்கது. செல்வமும் செருக்கும் மிக்க நாயகன், வசதி குறைந்தும் தன்மானம் குறையாத நாயகி, நிர்ப்பந்தத்தாலோ ஒப்பந்தத்தாலோ நிகழும் திருமணம், அதன்பின் முளைக்கும் காதல், இடையில் ஒரு தப்பெண்ணம், இறுதியில் தெளிவு என்பது அவரும் அவர் வழியில் எழுதியவர்களும் விரும்பிக் கையாண்ட கட்டமைப்பு. இங்கு ராஜமய்யர் காலத்துக் கதைமுறை திரும்பி வந்திருப்பதைக் காணலாம். சட்டப்படி பெண்ணின் மணவயது 1978-இல் பதினெட்டாக உயர்ந்த பின்னரும், துணையைத் தேர்வது பெரும்பாலும் பெற்றோர் கையிலேயே இருந்த சமூகத்தில், முன்பின் அறியாதவனோடு நிகழும் திருமணத்துக்குள் காதல் பிறக்க முடியுமா என்பது வாசகியின் வாழ்வையே தொட்ட கேள்வி. மேலைநாட்டுக் காதல் நாவல் திருமணத்தோடு முடிவதும், தமிழ்க் காதல் நாவல் அடிக்கடி திருமணத்தில் தொடங்குவதும் இந்த வேறுபாட்டால் விளைந்தவை.

தொலைக்காட்சித் தொடர்களின் வரவால் மாத நாவல்களின் விற்பனை சரிந்தபோது, இவ்வகையே அழிந்துவிடும் என்று எண்ணப்பட்டது. அழியாமல் காத்தது இணையம். பெங்களூரில் 2014-இல் தொடங்கிய பிரதிலிபி போன்ற தளங்களிலும், 2016-இன் இறுதியில் தமிழ் நூல்களை ஏற்கத் தொடங்கிய கிண்டிலிலும் இல்லத்தரசியரும் பணிபுரியும் பெண்களும் பதிப்பாளர் துணையின்றித் தாமே எழுதி வெளியிட்டனர். ‘யூடி’ என்று வாசகியர் சுருக்கி வழங்கும் அடுத்த அத்தியாயத்துக்காகக் காத்திருப்பதும், அதுவரை வந்த பகுதியைப் பற்றி விவாதிப்பதும் பழைய தொடர்கதைப் பண்பாட்டின் மறுவருகையே. வேறுபாடு என்னவென்றால், இதழாசிரியர் தேர்ந்து வெளியிட்ட ஓரிரு கடிதங்களுக்கு மாறாக, இப்போது எல்லோருடைய கருத்தும் எல்லோர் பார்வைக்கும் வந்துவிடுகிறது. நாயகியை அறையும், அவமதிக்கும் ‘ஆன்டி ஹீரோ’வை எத்தனை பக்கங்களுக்குப் பின் மன்னிக்கலாம், மன்னிப்புக் கேட்காதவனோடு அவளைச் சேர்த்து வைப்பது தகுமா என்பவை போன்ற கேள்விகளில் வாசகியர் இரு அணிகளாகப் பிரிந்து வாதிடுவது, ‘அக்கினிப் பிரவேச’த்தைச் சுற்றி நடந்த விவாதத்துக்கு எவ்விதத்திலும் குறைந்ததன்று.

ஒலிநூல் இந்த இடத்தில்தான் வந்து சேர்கிறது. மேலைநாடுகளில் 1930-களில் பார்வையற்றோருக்கான பேசும் புத்தகமாகத் தோன்றிய இவ்வடிவம், தமிழில் வானொலி நாடகத்தையும், திரைப்படத்தின் வசனத்தையும் பாட்டையும் மட்டும் ஒலிபரப்பிய ‘ஒலிச்சித்திர’த்தையும் கேட்டுப் பழகிய செவிகளை எதிர்கொண்டது. பாம்பே கண்ணன் தயாரித்த கல்கி நாவல்களின் ஒலிநூல்கள் பல நடிகர்களின் குரலோடு நாடகத்தை ஒத்து அமைந்தன. காதல் நாவல்களின் ஒலிப்பதிவுகளோ பெரும்பாலும் ஒரே பெண்குரலில் அமைந்து, சமைக்கும்போதும் தைக்கும்போதும் பயணத்தின்போதும் கேட்கப்படுகின்றன. இவற்றில் கதைசொல்லியின் வருணனை எழுத்துத் தமிழிலும், பாத்திரங்களின் உரையாடல் பேச்சுத் தமிழிலும் இருப்பதால், வாசிப்பவர் ஒரே பத்திக்குள் பலமுறை நடை மாற வேண்டியுள்ளது. கோவை நாயகனின் கொங்குப் பேச்சு சென்னைப் பேச்சாக ஒலித்தாலோ, நாயகனின் கோபத்தைக் காட்ட வாசிப்பவர் குரலைத் தேவைக்குமேல் உயர்த்தினாலோ, கேட்பவர் உடனே குறை காண்கின்றனர். மௌனமாகப் படிக்கும்போது கண் தாவிச் செல்லும் நீண்ட அலங்கார வருணனை, காதில் விழும்போது சலிப்பூட்டுகிறது. அச்சில் சாதாரணமாகத் தோன்றிய உரையாடல் நல்ல குரலில் உயிர்பெறுகிறது. இதனால் ஒரே நாவல், படித்தவரிடம் ஒரு மதிப்பும் கேட்டவரிடம் வேறொரு மதிப்பும் பெறுகிறது.

தமிழைப் பேசவும் புரிந்துகொள்ளவும் அறிந்து, படிக்க மட்டும் பழகாத தலைமுறையொன்று தமிழ்நாட்டின் ஆங்கிலவழிப் பள்ளிகளிலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் உருவாகியுள்ளது. அவர்களுக்கும், கண்பார்வை மங்கிய பழைய தொடர்கதை வாசகியருக்கும் ஒலிநூலே நாவலுக்குள் நுழையும் வாயில். நூறாண்டுகளுக்கு முன் எழுத்தறியாத பெண்கள் கேட்டு மதிப்பிட்டதைப் போன்றே இவர்களும் கேட்டு மதிப்பிடுகின்றனர். முன்னவரின் தீர்ப்புகள் அவர்கள் காலத்தோடு மறைந்துபோயின, இவர்களுடையவை பதிவாகின்றன. காதல் நாவலின் வரலாற்றை இனி எழுதுபவர் ஆசிரியர் பட்டியலோடும் விமரிசகர் கருத்தோடும் நிறைவடைய இயலாது. எந்த நாயகனை வாசகியர் மன்னித்தனர், எவனை மறுத்தனர், எந்தக் குரலை இடையில் நிறுத்தினர் என்பதையும் அவர் ஆராய வேண்டும். திருமணத்தையும் துணைத் தேர்வையும் பற்றித் தமிழ்ப் பெண்கள் தமக்குள் நடத்திவரும் நீண்ட விவாதத்துக்கு அவையே நேரடிச் சான்றுகள்.