காதல் நாவலும் கைம்பெண்ணும்

தமிழில் படிக்கத் தகுந்த காதல் நாவல் ஒன்றுகூடக் கிடையாது என்று போளூரில் ஒரு நண்பர் அடித்துச் சொன்னார். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கம்பனுக்குப் பிறகு வந்தவர்கள் யாரிடமும் அவருக்குக் கருணை கிடையாது. நாவல் எழுதிப் பிழைக்கிற நான் இதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? பேச்சு வளர்ந்து பந்தயத்தில் முடிந்தது. 1879 முதல் 1960-கள் வரை வந்தவற்றில் பத்து நாவல்களை, ஏறத்தாழ வெளிவந்த வரிசைப்படியே, ஒரு பக்கமும் தள்ளாமல் ஒரே மாதத்தில் படிக்க வேண்டும். ஒவ்வொன்றைப் பற்றியும் அபிப்பிராயத்தை நோட்டில் எழுதிக் காட்ட வேண்டும். தோற்றவர் மற்றவருக்கு ஒரு டின் மலைத்தேன் வாங்கித் தர வேண்டும். தேன் கிடைக்கும் இடத்திலேயே உட்கார்ந்து படிப்போமே என்று ஜவ்வாது மலைக்கு ஏறி, ஜமுனாமரத்தூரில் ஒரு மாதத்துக்கு வீடு பிடித்தேன்.

காதலைப் பற்றிப் படிக்க மலையைவிட நல்ல இடம் ஏது? குறிஞ்சித் திணைக்குப் புணர்தல்தானே உரிப்பொருள்! சங்க காலத்துத் தலைவி தினைப்புனத்தில் பரணேறிக் கிளி ஓட்டிக்கொண்டிருப்பாள். தலைவன் யானையைத் தேடியோ மானைத் தேடியோ வருவதுபோல் அந்தப் பக்கம் வந்து சேருவான். பகலில் சந்திக்க ஓர் இடம், இரவில் சந்திக்க ஓர் இடம். இரண்டுக்கும் இலக்கணத்தில் பெயரே உண்டு, பகற்குறி, இரவுக்குறி என்று. மலைபடுகடாம் பாடிய பெருங்கௌசிகனார் நன்னனுடைய செங்கண்மாவுக்குக் கூத்தர்களை வழிகாட்டி அனுப்பினாரே, அந்தச் செங்கண்மாதான் இந்த மலைக்குக் கீழே இருக்கிற செங்கம். அதில் வருகிற சேயாறு இந்த மலையில் பிறக்கிற செய்யாறு. தினைக்குப் பதிலாக இங்கே சாமை கண்ணுக்கு அதிகம் படுகிறது என்பதைத் தவிர, நிலம் அதேதான்.

இந்த நிலத்தில் உட்கார்ந்து முதல் நாவலைத் திறந்தேன். திறந்த அன்றே ஒரு சந்தேகம் வந்தது. கிளி ஓட்டிய அந்தப் பெண் எங்கே போனாள்?

மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம் 1879-இல் அச்சேறியது. பிள்ளையவர்கள் முன்சீப். ஆகவே கதையில் உபதேசமும் நியாய விசாரணையும் தாராளம். ஆனால் ஞானாம்பாளைப் போன்ற ஒரு கதாநாயகி பிறகு வந்த எழுபது வருஷத்தில் நமக்கு எத்தனை பேர் கிடைத்தார்கள்? ஆண் வேஷத்தில் இருக்கும்போது யானை மாலை போட, ராஜாவாகிவிடுகிறாள். ஆளவும் ஆளுகிறாள், புருஷனைவிட நூறு மடங்கு சாமர்த்தியமாக. ஆசிரியர் மனைவியின் பக்கம் நின்றுகொண்டு கணவனைப் பார்த்துச் சிரிக்கிறார். இவ்வளவு இருந்தும், காதல் என்று பார்த்தால், அவர்களுடைய பிரிவும் தேடலும் கூடலும் எல்லாம் தாலி கட்டிய பிறகுதான்.

அடுத்தது ராஜம் ஐயரின் கமலாம்பாள் சரித்திரம். விவேக சிந்தாமணியில் தொடராக வந்து 1896-இல் புத்தகமாயிற்று. எழுதியவர் இரண்டு வருஷம் கழித்து இருபத்தாறாவது வயதில் மறைந்துபோனார். அம்மையப்ப பிள்ளை என்ற தமிழ் வித்துவானைப் பற்றி வரும் பக்கங்களில் நான் தனியாகச் சிரித்த சிரிப்புக்குப் பக்கத்து வீட்டு நாய் பதில் குரல் கொடுத்தது. இதிலேயும் ஸ்ரீநிவாசனும் லட்சுமியும் என்று ஓர் இளம் ஜோடி உண்டு. அவர்கள் சிறு வயதிலேயே கல்யாணமானவர்கள். முதலில் தாலி, பிறகு காதல்.

இதில் நாவலாசிரியர்களைக் குறை சொல்லிப் பயன் இல்லை. அவர்கள் வாழ்ந்த வீடுகளில் கல்யாணமாகாத வயது வந்த பெண் கிடையாது. 1860-ஆம் வருஷத்துத் தண்டனைச் சட்டப்படி, கணவன் மனைவியாக வாழ்வதற்குப் பெண்ணுக்குப் பத்து வயது ஆகியிருந்தால் போதும். 1891-இல் அதைப் பன்னிரண்டாக்கியபோது தேசமே இரண்டுபட்டது. பெண்ணுக்குக் கல்யாண வயது பதினான்கு என்று சொன்ன சாரதா சட்டம் 1929-இல் நிறைவேறி மறு வருஷம் அமலுக்கு வந்தது. அதையும் பலர் சட்டை செய்யவில்லை. எல்லா ஜாதியிலும் இப்படி என்று சொல்லமாட்டேன். வயல் வேலைக்குப் போகும் பெண்களின் கதை வேறு. ஆனால் நாவல் எழுதியவர்களும் வாசித்தவர்களும் எந்த வீடுகளைச் சேர்ந்தவர்களோ அந்த வீடுகளில் இதுதான் நிலை. இப்படிப்பட்ட ஊரில் ஒரு நாவலாசிரியன் கதாநாயகியை எங்கே போய்த் தேடுவான்?

சிலர் இங்கிலாந்தில் தேடினார்கள். ஜவ்வாது மலைக்குக் கிழக்கே இருக்கும் ஆரணியைச் சேர்ந்த குப்புசாமி முதலியார் அவர்களில் பெரியவர். ஆனந்தபோதினிக்கு ஆசிரியராக இருந்தவர். ரெயினால்ட்ஸ் என்ற ஆங்கில ஆசிரியரின் லண்டன் கதைகளை இரத்தினபுரி இரகசியம் முதலாகப் பாகம் பாகமாகத் தமிழுடை உடுத்தித் தந்தார். பிரபுக்களுக்கும் சீமாட்டிகளுக்கும் நம் ஊர்ப் பெயர். ஆனால் பதினெட்டு வயதுப் பெண் தன் இஷ்டப்படி ஒரு வாலிபனைச் சந்திக்கிறாள், கடிதம் எழுதுகிறாள்! ஒரு வாசகராவது “இது எந்த ஊரில் நடக்கிறது?” என்று கேட்டிருக்க மாட்டார். விக்கிரமாதித்தன் கதையில் வேதாளம் வந்தால் யாராவது ஆட்சேபிக்கிறார்களா? நான் எடுத்துப் போனது ஒரே ஒரு பாகம். கலை என்று தேடினால் ஏமாற்றம்தான். ஆனால் கீழே வைக்க மனம் வரவில்லை. விளக்கு அணைந்த பிறகு டார்ச் லைட்டில் முடித்தேன்.

வை. மு. கோதைநாயகி அம்மாளின் வைதேகியையும் எடுத்துப் போயிருந்தேன். தற்செயல்கள் சற்று மிகை. அடுத்து வரப் போவது முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. என்றாலும் அம்மையார் 1925 முதல் ஜகன்மோகினியை நடத்தி, 1960-இல் காலமாவதற்குள் 115 நாவல்கள் எழுதியவர். ஆரம்பத்தில் எழுதப் பழகாததால் தம் முதல் நாடகத்தைத் தோழி ஒருவரிடம் சொல்லி எழுதச் செய்தவர். அவருக்குக் கல்யாணம் ஆனபோது வயது ஐந்தரை. ஒரு தலைமுறைக்கே காதல் கதை சொன்னவர் ஐந்தரை வயதில் கழுத்தை நீட்டியவர் என்பது தெரிந்த பிறகு, நோட்டில் கடுமையாக எழுத எனக்குக் கை வரவில்லை.

அ. மாதவையா வேறு வழியில் போனார். உப்பு இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். 1925-இல் சென்னைச் சர்வகலாசாலைக் கூட்டத்தில் தமிழுக்காகப் பேசிவிட்டு உட்கார்ந்தவர் அங்கேயே உயிர் நீத்தார். அவருடைய பத்மாவதி சரித்திரத்தை மரியாதையோடு படித்தேன். 1903-இல் வந்த முத்துமீனாட்சியைப் பதற்றத்தோடு படித்தேன். ஒரு பிராமணப் பெண் தன் கதையைத் தானே சொல்வதுபோல் எழுதிய சின்னப் புத்தகம். பொம்மை வைத்து விளையாடுகிற வயதில் கல்யாணம், மாமியார் வீட்டுக் கொடுமை, பிறகு கைம்மை. அவள் எழுத்தைப் பிடித்துக்கொள்கிறாள், படிக்கிறாள், நினைக்கிறாள். கடைசியில் மறுமணம் செய்துகொள்கிறாள். 1856 முதல் சட்டம் அனுமதித்ததைத் தமிழ் நாவலில் ஒருத்தி செய்துகாட்டியிருக்கிறாள். கையில் எடுத்துப் போன பத்தில், ஒரு பெண் தானே யோசித்து ஓர் ஆணைத் தேர்ந்துகொள்ளும் முதல் நாவல் இதுதான் என்று நோட்டில் அடிக்கோடிட்டு எழுதினேன்.

அப்போதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. நம் வீடுகளில் இளம் வயதும் துணையற்ற வாழ்வும் சேர்ந்து இருந்தவள் கைம்பெண் ஒருத்திதான். கிளி ஓட்டிய தலைவி காணாமல் போகவில்லை. வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு அடுப்பங்கரையில் இருந்தாள்!

எட்கர் தர்ஸ்டன் 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட, தென்னிந்திய ஜாதிகளையும் குடிகளையும் பற்றிய புத்தகம் ஒன்று உண்டு. அதில் இந்த மலையில் வாழும் மலையாளிகளைப் பற்றி ஒரு கதை இருக்கிறது. (மலையாளி என்றால் கேரளத்தார் அல்ல, மலையை ஆளுகிறவர்கள். பேசுவது தமிழ்.) கங்குந்தியைச் சேர்ந்த வேடர்கள் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளரிடம் பெண் கேட்டார்களாம். வேளாளர் இகழ்ந்து பேசி மறுத்துவிட, வேடர்கள் ஏழு பெண்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மீட்டு வர ஏழு ஆண்கள் ஏழு நாய்களோடு புறப்பட்டார்கள். “நாய்கள் மட்டும் திரும்பினால் நாங்கள் செத்தோம் என்று வைத்துக் கருமாதி செய்துவிடுங்கள்” என்று மனைவிகளிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். வழியில் பாலாற்றில் வெள்ளம். மனிதர்கள் எப்படியோ நீந்திக் கரையேறினார்கள். நாய்கள் பாதி ஆறு போய், முடியாமல் திரும்பி ஊர் வந்து சேர்ந்தன. வேடர்களைக் கொன்றுவிட்டு ஆண்கள் வீடு திரும்பிப் பார்த்தால், கருமாதி முடிந்து மனைவிகள் கைம்பெண்களாக இருக்கிறார்கள். காரியம் நடந்துவிட்ட பிறகு செத்தவன் செத்தவன்தான்; ஊரில் அவர்களுக்கு இடமில்லை. வேடப் பெண்களை மணந்துகொண்டு ஜவ்வாது மலை ஏறி உழுது பிழைத்தார்களாம். அவர்கள் வழிவந்தவர்களே மலையாளிகள் என்கிறது கதை.

நடந்ததா, பிற்பாடு கட்டியதா என்று ஆராய்வது சரித்திர ஆசிரியர்கள் பாடு. நான் நாவல்காரன், எனக்கு இதைவிட நல்ல கதைக்கரு கிடைக்காது. கணவன் உயிரோடு வாசலில் நிற்கிறான். அவள் தாலி அறுத்தாகிவிட்டது. நடுவில் இருப்பது ஒரு சடங்கு, வேறொன்றுமில்லை. அதைத் தாண்டி வர ஒருத்தராலும் முடியவில்லை. நாய்கள் எப்படித் திரும்பின என்பது வரை சொல்லுகிற கதை, அந்த ஏழு மனைவிகள் அன்று என்ன செய்தார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு மீதியைப் படித்தேன். கல்கியின் கள்வனின் காதலி 1937-இல் ஆனந்த விகடனில் வந்த தொடர். கொள்ளிடக் கரைக் காடுகளைக் கல்கி எழுதியிருப்பதுபோல் எழுத இன்னொருவர் வரவேண்டும். ஆசை வைத்த முத்தையனை அடைய முடியாமல் கல்யாணி ஒரு கிழவரை மணக்கிறாள், அவர் இறந்துபோகிறார், சொத்தும் சுதந்திரமும் இருக்கின்றன. சட்டப்படி முத்தையனை மணக்க ஒரு தடையும் இல்லை. அவனோ அதற்குள் கள்வனாகிவிட்டான். ஒரு பெண் வேஷத்தைப் பார்த்து ஏமாந்த பொறாமையில் கல்யாணியே அவனைப் போலீஸாரிடம் காட்டிக் கொடுக்கும்படி கதையை முடுக்கி, அவனைச் சுட்டுக் கொல்ல வைத்துவிடுகிறார் கல்கி. கண்ணீர் வரத்தான் செய்தது. ஆனாலும் ஒரு தொழில்காரனின் கண்ணோடு பார்த்தால், கைம்பெண்ணுக்குக் கல்யாணம் செய்து வைக்கப் பத்திரிகை வாசகர்கள் சம்மதிக்க மாட்டார்கள் என்ற பயமே அந்தத் துப்பாக்கியைச் சுட்டது என்று எனக்குப் படுகிறது.

மு. வரதராசனார் இந்த மலையடிவாரத்துக்காரர். 1912-இல் திருப்பத்தூரில் பிறந்து, அங்கேயே தாலுகா கச்சேரியில் எழுத்தராகவும் பள்ளியில் ஆசிரியராகவும் இருந்தவர். அவருடைய பாத்திரங்கள் காதலிக்கும்போதும் வகுப்பு எடுக்கிற வாடை வீசும். ஆனால் கரித்துண்டு என் அபிப்பிராயத்தை மாற்றியது. கால் இழந்து தெருவில் கரியால் படம் போடும் ஓவியன். அவனை விட்டுப் போன மனைவி. அவனோடு வந்து சேரும் இன்னொரு பெண். முதல் தாலியோடு வாழ்க்கை முடிந்துவிடவில்லை என்கிற நாவலை, ஒழுக்கத்துக்குப் பேர்போன பேராசிரியர் ஒருவர் அமைதியாக எழுதியிருக்கிறார்.

நா. பார்த்தசாரதி 1960-ஐ ஒட்டிக் கல்கி இதழில் எழுதிய குறிஞ்சிமலருக்குத்தான் பெரிய எதிர்பார்ப்போடு காத்திருந்தேன். பிள்ளைகளுக்கு அரவிந்தன், பூரணி என்று பேர் வைக்கும் அளவுக்கு வாசகர்கள் கொண்டாடிய நாவல் ஆயிற்றே! நடை அழகானது, லட்சியம் உயர்ந்தது. கல்யாண வயதும் மறுமண உரிமையும் மணமுறிவும் சட்டத்தில் ஏறிவிட்ட காலம் அது. இந்து திருமணச் சட்டம் 1955-இலேயே வந்துவிட்டது. கதாநாயகிக்குக் கல்யாணமாகவில்லை. படித்தவள், மேடை ஏறுகிறவள், எந்தத் தடையும் இல்லாதவள். அரவிந்தன் இறந்துபோகிறான். தாலியே கட்டாத பூரணி கைம்மைக் கோலம் பூண்டுகொள்கிறாள். வாசகர்கள் உருகிப் போனார்கள். எனக்குக் கோபம் வந்தது. நாய்கள் திரும்பி வந்ததைப் பார்த்து ஏழு பேர் தாலியை அறுத்தார்கள். இவளுக்கு அறுப்பதற்குத் தாலியும் இல்லையே! சட்டம் கதவைத் திறந்துவைத்த பிறகும் நாவலாசிரியர் அவளைப் பழைய அறைக்கே கூட்டிக்கொண்டு போகிறார் என்று நோட்டில் எழுதினேன். நண்பர் அதை ஒத்துக்கொள்ளமாட்டார் என்று தெரியும்.

பத்தாவது, தி. ஜானகிராமனின் மோகமுள். சுதேசமித்திரனில் தொடராக வந்து 1964-இல் புத்தகமானது. பாபுவைவிட யமுனா பத்து வயது மூத்தவள். மராட்டிய வழித் தாய்க்குப் பிறந்தவள். அதனால் வரன்கள் தட்டிப்போய்க் கல்யாணமாகாமல் நின்றுவிட்டவள். கைம்பெண் இல்லை, மனைவியும் இல்லை. அவளுக்கு மறுக்கத் தெரிகிறது. வருஷக் கணக்காக மறுக்கிறாள். பிறகு சம்மதிக்கவும் தெரிகிறது. அந்தச் சம்மதத்துக்காக ஆசிரியர் அவளைக் கொல்லவில்லை, ஆற்றில் தள்ளவில்லை, வெள்ளைப் புடவை கட்டவில்லை. சங்கீதத்தைப் பற்றிய பகுதிகள் நீளம் என்பார்கள். நீளம்தான். நான் இரண்டு தடவை படித்தேன்.

நோட்டை நண்பரிடம் கொடுத்தேன். முத்துமீனாட்சியையும் மோகமுள்ளையும் ஒப்புக்கொண்டார். குறிஞ்சிமலரைப் பற்றி நான் எழுதியது அநியாயம் என்றார். தேன் டின்னுக்குப் பாதிப் பாதி பணம் போட்டுக்கொண்டோம்.

மலையாளிகளிடம் பெண்ணுக்குப் பரிசப் பணம் கொடுப்பது மாப்பிள்ளை வீட்டார். கைம்பெண் மறுபடி கல்யாணம் செய்துகொள்வதற்கு அவர்கள் வழக்கத்தில் தடை கிடையாது.