தண்ணீரின் வழி தெரிந்தவர்கள்

மாரி நெருங்குகிறது. நம் ஊர் வீடுகளின் அத்திவாரத்துக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அதைக் கொஞ்சம் பேசுவோம்.

வன்னியின் பழைய ஊர்களுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. குளக்கட்டின் கீழே வயல், பக்கத்து மேட்டில் குடியிருப்பு. பள்ளக்காணி நெல்லுக்கு, மேட்டுக்காணி மனிதருக்கு. குளம் வான் பாய்ந்தால் தண்ணீர் எந்த வழியால் ஓடும் என்று மூத்தவர்களுக்குத் தெரியும். அந்த வழியில் வீடு கட்ட விடமாட்டார்கள்.

வீட்டிலும் அதே அறிவுதான். மண் போட்டு இடித்து இறுக்கி நிலத்தை உயர்த்தினார்கள். சுவரடியில் குந்து வைத்தார்கள். கூரைத் தண்ணீர் குந்துக்கு வெளியே விழும்படி கிடுகைத் தாழ இறக்கினார்கள். மாரிக்கு முன்னர் புற்றுமண் குழைத்து வெடிப்புகளைப் பூசினார்கள். மேலே பெய்யும் மழையைவிட அடியில் ஊறும் ஈரமே மண்வீட்டை விழுத்தும் என்பது அவர்கள் கண்டறிந்த உண்மை.

1990 ஒக்டோபரில் நாங்கள் வெளியேற்றப்பட்டோம். 2009இல் போர் முடிந்து திரும்பி வந்தபோது காணிகள் காடாகிக் கிடந்தன. எல்லையும் தெரியவில்லை, வாய்க்கால் ஓடிய இடமும் தெரியவில்லை. காட்டித் தரவேண்டிய மூத்தவர்கள் பலர் புத்தளத்து மண்ணில் அடங்கிவிட்டார்கள். போரில் இடம்பெயர்ந்த தமிழ் உறவுகளின் ஊர்களிலும் இதே கதைதான். கல்வீடுகள் வந்தன. தண்ணீரின் வழி மறந்துபோனது.

2018 டிசம்பர் 21, 22இல் தண்ணீர் தன் வழியைக் காட்டியது. இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டன. கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் ஆயிரக்கணக்கானோர் வீட்டைவிட்டு வெளியேறினார்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் அதையே மறுபடியும் நினைவூட்டியது.

வெள்ளம் வற்றினால் ஆபத்து முடிந்தது என்று நினைக்கிறோம். அத்திவாரத்தடி மண் அரிந்திருந்தால் தரை இறங்கும், பிறகு சுவர் வெடிக்கும். வீதியை உயர்த்த உயர்த்த, பழைய வளவு பள்ளமாகிறது.

ஆகவே இப்போதே செய்யக்கூடியவை:

சுவரடி மண்ணை வெளிப்பக்கம் சரியும்படி போட்டு இறுக்குங்கள். பீலித் தண்ணீரைச் சுவரோரம் விழவிடாமல் வாய்க்காலுக்குக் கொண்டுபோங்கள். மதகையும் வாய்க்காலையும் துப்புரவாக்குங்கள். மதில் கட்டினால் தண்ணீர் போக வழி விடுங்கள். உங்கள் மதில் அயலவர் வீட்டைக் குளமாக்கக் கூடாது. புதுவீடு கட்டுபவர்கள் 2018இல் வெள்ளம் நின்ற மட்டத்துக்கு மேலே தரையை எடுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னர், இன்னும் நம்மோடிருக்கும் மூத்தவர்களைக் கூட்டிக்கொண்டு ஊரை ஒருமுறை சுற்றி வாருங்கள். தண்ணீர் எங்கே ஓடியது என்று கேட்டு எழுதி வையுங்கள். அந்த வழியை நம் பிள்ளைகளும் தெரிந்துகொள்ளட்டும்.