குளிர்காலத்துச் சேறும் சைக்கிள் சங்கிலியும்

குளிர்காலம் கழிந்து ஈஸ்டர் பண்டிகை நெருங்கும் தறுவாயில், 1890-களின் இங்கிலாந்தில் சைக்கிள் வைத்திருந்த வீடுகளில், புழக்கடைக் கொட்டகையைத் திறந்து, உத்தரத்திலிருந்து கயிற்றில் தொங்கவிட்டிருந்த வண்டியை இறக்கி, நிக்கல் முலாம் பூசிய பாகங்களில் துருவேறாமலிருக்கத் தடவிய வாஸலீனைக் கந்தைத் துணியால் துடைத்தெடுப்பது ஒரு வருஷாந்தர வைபவமாக இருந்தது. தொங்கவிட்டதற்குக் காரணம் ரப்பர். மாதக் கணக்கில் ஒரே இடத்தில் பாரம் தாங்கி நின்றால் டயர் நசுங்கி வெடிப்புக் காணும். வண்டியையே அத்தனை மாதம் சிறையிலிட்டதற்குக் குளிர்தான் காரணம் என்று நாம் எண்ணக்கூடும். என் அபிப்பிராயத்தில் பெரும் பொறுப்பு அந்நாட்டுச் சாலைகளையே சாரும்.

ஜான் மக்காடம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வகுத்த முறையைத் தழுவி, உடைத்த ஜல்லியைப் பரப்பி, கல்தூளும் நீரும் கொண்டு இறுக்கிய சாலைகள் அவை. இரவில் உறைபனி அவற்றைப் பிளக்க, பகலில் பனி உருக, இரும்புப் பட்டை போட்ட குதிரை வண்டிச் சக்கரங்கள் அப்பிளவுகளை அரைத்து, கல்தூளும் குதிரை லத்தியும் கலந்த ஒரு குழம்பை ஊரெங்கும் உண்டாக்கிவிடும். உயரமான முன்சக்கரத்தில் நேரே பெடலைப் பொருத்தியிருந்த பழைய வண்டிக்கு இதனால் அத்தனை உபத்திரவமில்லை. அதற்குச் சங்கிலியே கிடையாது. 1885-இல் கோவென்ட்ரி நகரத்து ஜான் கெம்ப் ஸ்டார்லி, பின்சக்கரத்தைச் சங்கிலியால் இயக்கும் 'ரோவர்' வண்டியைச் செய்து, இன்றுவரை நிலைத்திருக்கும் சைக்கிளின் வடிவத்தை ஸ்தாபித்தபோது, சவாரிக்காரனைத் தலைகுப்புற விழும் அபாயத்திலிருந்து மீட்டார். கூடவே, தரையிலிருந்து ஒரு முழம்கூட உயராத இடத்தில், எண்ணெய் தடவிய கணுக்களைத் திறந்தபடி ஓடவிட்டார். எண்ணெயில் ஒட்டிய கல்தூள் சாணைக்கல்லின் வேலையைச் செய்யும். கணுதோறும் தேய்ந்து சங்கிலி நீளும். நீண்ட சங்கிலி பல்சக்கரத்தின் பற்களைத் தின்றுவிடும்.

ஆகவே வசந்தகாலத்து உழைப்பில் சிம்மபாகம் சங்கிலிக்கே உரியதாயிற்று. அதைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, தூரிகையால் கணுக் கணுவாகத் தேய்த்து, உலர்த்தி, உருக்கிய கொழுப்பில் பென்சில் கரியாகிய கிராஃபைட்டைக் கலந்து அதில் முக்கியெடுத்து, மேலே ஒட்டிய மிச்சத்தைத் துடைத்துவிடுவார்கள். பிறகு சக்கரங்களின் முறை: கோனைத் தளர்த்தி, பேரிங் குண்டுகளை ஒரு கிண்ணத்தில் கழுவி, எண்ணிக்கை குறையாமல் திரும்ப அடுக்கி, சக்கரம் ஆடாமலும் இறுகாமலும் ஓடும் நிலையில் பூட்டுவது. நம் ஊர்ச் சைக்கிள் கடையில் ஓவராயில் என்று நடக்கும் காரியமெல்லாம் இதுதான். கம்பிகளை முடுக்கிப் பெண்டு எடுப்பதை மட்டும் விவேகமுள்ளவர்கள் கடைக்காரரிடம் விட்டுவிட்டார்கள்.

விவேகமில்லாதவர்களும் இருந்தார்கள் என்பதற்கு ஜெரோம் கே. ஜெரோம் 1900-இல் வெளியிட்ட 'திரீ மென் ஆன் தி பம்மல்' என்னும் நூல் சாட்சி. பிறர் வண்டியைச் சீர்திருத்தித் தருவதாக வலிய வந்து, முன்சக்கரத்தைக் கழற்றிக் குண்டுகளைப் பாதையில் உருளவிட்டு, வேண்டாமென்று தடுத்தும் கேளாமல் சங்கிலியுறையிலும் கைவைக்கும் மனிதர் ஒருவரை அதில் காண்கிறோம். எனக்கு அவர்மீது கோபம் வரவில்லை. குதிரையை வைத்தியரிடமும் கடிகாரத்தைத் தொழிலாளியிடமும் ஒப்படைத்துப் பழகிய குமாஸ்தாவுக்கும் உபாத்தியாயருக்கும், ஒரு யந்திரத்தின் உள்ளே கைவிட்டுப் பார்க்கும் அதிகாரம் கிடைத்தது சைக்கிளினால்தான்.

இச்சிரமத்துக்குப் பரிகாரம் தேடியவர்களில் வுல்வர்ஹாம்ப்டன் நகரத்து ஜான் மார்ஸ்டன் விசேஷமாகக் குறிப்பிடத்தக்கவர். உலோகப் பாத்திரங்களுக்குக் கறுப்பு வார்னிஷ் ஏற்றும் தொழிலிலிருந்து வந்த அவர், தம் 'சன்பீம்' வண்டிக்கு வழவழப்பான கறுப்பு மேனியைக் கொடுத்ததோடு, சங்கிலி முழுவதையும் மூடி, எண்ணெயிலேயே ஓடச் செய்யும் உறையையும் பொருத்தினார். நாட்டிங்ஹாமில் 1902-இல் தோன்றிய ஸ்டர்மி-ஆர்ச்சர் மூன்று வேகக் கியரும் தன் பற்களையெல்லாம் ஹப்புக்குள் ஒளித்துக்கொண்டது. சேற்றையே ஒழிக்கப் புறப்பட்டவர்களும் உண்டு. 1878-இல் ஹாரோகேட்டில் பிறந்த சைக்கிள் யாத்திரைச் சங்கம், 1886-இல் மற்றொரு சங்கத்தோடு கூடிச் சாலை அபிவிருத்திக்கென்றே ஒரு ஸ்தாபனம் அமைத்தது. 1902-இல் ஹூலி என்பவர் 'டார்மாக்' முறைக்குக் காப்புரிமை பெற்றார். தாரிட்ட சாலை பரவியபோது, அதற்காக வாதாடிய சைக்கிள்காரர்களை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு மோட்டார்கள் அதில் ஓடின. பின்னாளில் பனியை உருக்க அதே சாலைகளில் உப்பைத் தூவும் வழக்கம் வந்து, துருவும் வசந்தகாலத்து வேலையும் திரும்பி வந்தன.

1949-இல் சென்னையில் முருகப்பா குடும்பத்தார் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனியைத் தொடங்க, ஹெர்குலிஸ் வண்டி அம்பத்தூரிலேயே உருவாகலாயிற்று. கறுப்பு மேனியும் முழுச் செயின் கவரும் கொண்ட ஆங்கிலேய ஜாதி வண்டிகள் நம் தெருக்களிலும் மலிந்தன. பனிச் சேற்றைத் தடுக்கப் பிறந்த கவர் இங்கே வேட்டி நுனியையும் புடவைத் தலைப்பையும் காத்தது. நாமும் வருஷத்துக்கு ஒரு முறை, ஆயுத பூஜையன்று, சைக்கிளைக் கழுவி எண்ணெயிட்டுச் சந்தனப் பொட்டு வைக்கிறோம்; ஆனால் ஆங்கிலேயன் சேற்றுக்காலம் முடிந்தபின் செய்ததை நாம் ஐப்பசி அடைமழைக்கு முன்னதாகவே செய்து முடித்துவிடுகிறோம்.