எண்ணெய்க் கசிவும் பால்மரமும்

தோட்டப்புறத்து விழாக்களிலும் பள்ளி மாணவர் கட்டுரைகளிலும் அடிக்கடி வரும் தொடர் ஒன்று உண்டு. உலகத்து மோட்டார் வண்டிகளெல்லாம் நம் மக்கள் வெட்டிய பாலில் ஓடின என்பதே அது. கேட்பதற்கு இனியது, மாணவரும் விரும்பி எழுதுவர். ஆயினும் ஆசிரியர் அத்தொடரை அப்படியே விட்டுவிடாமல் ஆராய்தல் வேண்டும். வண்டியின் சக்கரங்களைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் உண்மை. எஞ்சினைப் பொறுத்தவரை உண்மையன்று. எஞ்சினுக்குள் சுழலும் எண்ணெய் வெளியே ஒழுகாமல் காக்கும் வேலையைப் பால்மரத்து ரப்பர் செய்ததில்லை. செய்யவும் அதனால் இயலாது. ஏன் இயலாது என்பதை அறிந்தால், இன்றைய உயர்விலைக் கார்களில் எண்ணெய் கசிவது எதனால், அதைத் தீர்ப்பது எங்ஙனம் என்பனவும் விளங்கும்.

இவ்வாராய்ச்சிக்குத் துவாஸ் பொருத்தமான இடம். மரக்கிளைகளையும் தென்னை ஓலைகளையும் கடலில் இட்டு நிழல் உண்டாக்கி, அந்நிழலில் கூடும் மீன்களைப் பிடிக்கும் முறையைக் குறித்த மலாய்ச் சொல்லிலிருந்து அவ்வூருக்குப் பெயர் வந்தது என்பர். அம்மீனவர் சிற்றூர் இன்று ஆலைகளும் கப்பல் பட்டறைகளும் நிறைந்த பகுதி. மசகெண்ணெய் கலந்து ஆக்கும் ஆலையும் அங்கே உண்டு. தமிழகத்திலிருந்து வேலைக்கு வந்த இளைஞர் பலர் அங்குள்ள விடுதிகளில் தங்கியிருக்கின்றனர். 1998ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட இரண்டாம் இணைப்புப் பாலம் துவாஸை ஜொகூரோடு பிணைக்கிறது. சிங்கப்பூர் எண்ணுடைய பெரிய கார்கள் அப்பாலத்தைக் கடந்து, ஒரு காலத்தில் பால்மரம் நின்ற நிலங்களின் ஊடே விரைகின்றன. அந்நிலங்களில் இன்று பெரும்பாலும் செம்பனையே நிற்கிறது.

ஒழுகலை அடைக்கும் கலை நமக்குப் புதியதன்று. மரக்கலத்தின் பலகை இடுக்குகளில் நாரும் பஞ்சும் திணித்துக் கீல் பூசுவதற்குக் கலப்பற்று என்று பெயர். ஆனால் கலப்பற்று வெளியே உள்ள நீரை உள்ளே விடாமல் தடுப்பது. உள்ளே உள்ள எண்ணெயை வெளியே விடாமல் தடுக்கும் தேவை மாட்டுவண்டிக்காரனுக்கு எழவில்லை. அச்சில் மையிட்டான், அது வழிந்தது, மீண்டும் இட்டான்.

முதல் மோட்டார் வண்டிகளும் ஏறத்தாழ அந்நிலையிலேயே இருந்தன. சிங்கப்பூருக்கு முதல் மோட்டார் வண்டி 1896ஆம் ஆண்டில், காட்ஸ் பிரதர்ஸ் நிறுவனத்தின் வழியாக வந்தது. அது ஜெர்மானியப் பென்ஸ் வண்டி. அதே ஆண்டில்தான் மலாக்காவில் டான் சாய் யான் என்பவர் ரப்பரை வாணிகப் பயிராக நட்டார் என்பது நினைவில் கொள்ளத்தக்கது. அக்காலத்து எஞ்சின்களில் எண்ணெய் சொட்டுச் சொட்டாக இறங்கித் தாங்கிகளை நனைத்துவிட்டு, எரிந்தோ தரையில் சிந்தியோ ஒழியும். அதைக் கசிவு என்று எவரும் குறை கூறவில்லை. வண்டியின் அமைப்பே அதுதான். பின்னர், எண்ணெயைப் பம்பின் விசையால் தாங்கிகளுக்குச் செலுத்தி, மீண்டும் அடித்தொட்டியில் சேர்த்துச் சுழலவிடும் முறை பரவிற்று. 1907ஆம் ஆண்டளவில் புகழ்பெற்ற ரோல்ஸ்-ராய்ஸ் சில்வர் கோஸ்ட் வண்டி இம்முறையைக் கொண்டிருந்தது. விசையோடு செல்லும் எண்ணெய் இடுக்கு கண்ட இடமெல்லாம் வெளியேற முயலும். ஆகவே எண்ணெய்க் கசிவு என்னும் நோய் உயர்ந்த வண்டிகளோடு சேர்ந்தே வளர்ந்தது எனலாம்.

அதற்கு முதலில் கிடைத்த மருந்துகள் எளியவை. அசையாத இணைப்புகளுக்குத் தக்கையும் தாளும் வைத்தனர். சுழலும் தண்டுகளுக்குக் கம்பளியும் தோலும் கயிறும் சுற்றினர். சிலர் கிராங்குத் தண்டின் பின்முனையில் திருகுபுரி வெட்டினர். தண்டு சுழலும்போது அப்புரி எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்பும். ஆனால் வண்டி நின்றால் புரியும் நின்றுவிடும்; எண்ணெய் சொட்டும். பழைய ஜாகுவார் வண்டிகள் நின்ற இடத்தில் கறை இருந்ததற்கு அதுவே காரணம். 1929ஆம் ஆண்டு தொடங்கி, ஜெர்மனியில் ஃப்ராய்டன்பெர்க் என்னும் தோல் பதனிடும் நிறுவனத்தில் வால்ட்டர் சிம்மர் என்ற பொறியாளர் தண்டு அடைப்பான்களைத் தோலால் செய்தார். உலோக வளையத்துக்குள் தோல் உதடு. அவ்வுதட்டைத் தண்டோடு அணைக்க ஒரு சிறு சுருள்வில். இன்று பட்டறைகளில் ஆயில் சீல் எனப்படும் பொருளின் உருவம் பெரும்பாலும் அதுவே. தோல் வேலை செய்தது. வெப்பம் மிகுந்தால் மட்டும் காய்ந்து விறைத்தது.

ரப்பர் அப்போது எங்கே போயிற்று என்று வாசகர் வினவலாம். 1877ஆம் ஆண்டில் 22 கன்றுகள் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்துக்கு வந்தன. 1888ஆம் ஆண்டில் அங்குப் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையை வகுத்தார். அந்த முறையைக் கையில் ஏந்தி, விடியுமுன் நிரைக்குச் சென்றவர்களில் மிகப் பலர் தமிழர். சிம்மர் தோலைக் கையாண்ட காலத்தில் மலாயாவில் ரப்பருக்குப் பஞ்சமே இல்லை. அதை விட்டுத் தோலை நாடியதற்குக் காரணம் அதன் இயல்பு.

ரப்பரும் பூமியிலிருந்து எடுக்கும் எண்ணெயும் கரியும் நீரகமும் சேர்ந்த பொருள்கள். இனம் இனத்தோடு சேரும். கந்தகமிட்டுப் பதப்படுத்திய ரப்பர் எண்ணெயில் கரையாது, ஆனால் எண்ணெயைக் குடித்துக் குடித்து வீங்கும், மெலிவுறும், கிழியும். எம் பள்ளியில் இதை ஆண்டுதோறும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்டுவதுண்டு. இயற்கை ரப்பர் வளையம் ஒன்றை மண்ணெண்ணெயிலும், மற்றொன்றை ஆமணக்கெண்ணெயிலும் ஓரிரவு ஊறவைத்தால் போதும். மண்ணெண்ணெயில் ஊறியது உப்பிப் பெருத்திருக்கும். ஆமணக்கெண்ணெயில் ஊறியது பெரிதும் மாறாதிருக்கும். ஆமணக்கெண்ணெயின் மூலக்கூறில் உயிரகம் கலந்திருப்பதால் ரப்பரோடு அது எளிதில் ஒட்டாது. பழைய ஆங்கில வண்டிகள் பலவற்றின் பிரேக்கு நீர்மம் ஆமணக்கெண்ணெய் கலந்தது. ஆதலால் அங்கே இயற்கை ரப்பர் அடைப்பான்கள் நிலைத்தன. அறியாத ஒருவர் அதில் கனிம எண்ணெயை ஊற்றிவிட்டால் அத்தனையும் வீங்கிப் பிரேக்கே பிடிக்காமற் போகும். (கேஸ்ட்ரால் என்னும் பெயர் 1909ஆம் ஆண்டில் ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து பிறந்தது என்பதை மொழியாசிரியர்கள் குறித்துக்கொள்ளலாம்.)

எண்ணெயைத் தாங்கும் ரப்பர் ஆய்வுக்கூடத்தில்தான் பிறக்கவேண்டியிருந்தது. 1930ஆம் ஆண்டில் அமெரிக்க டுபாண்ட் ஆய்வகத்தில் நியோப்ரீன் கண்டறியப்பட்டது. அதே பத்தாண்டில் ஜெர்மானியர் நைட்ரைல் ரப்பரை ஆக்கினர். எண்ணெயை விலக்கும் தன்மையுள்ள ஒரு கூறு அதன் மூலக்கூற்றில் கோக்கப்பட்டிருந்தது. 1930களின் நடுவில் சிம்மரின் வளையத்தில் தோலின் இடத்தை அது பிடித்தது. பின் போர் வந்தது. தென்கிழக்காசியாவின் முதல் கார் பொருத்தும் ஆலையாக 1941ஆம் ஆண்டில் புக்கிட் தீமாவில் எழுந்த ஃபோர்டு தொழிற்சாலையிலேயே, 1942 பிப்ரவரி 15ஆம் நாள் பிரிட்டிஷார் ஜப்பானியரிடம் சரணடைந்தனர். நேச நாடுகள் இயற்கை ரப்பரின் பெரும்பகுதியை ஒரே வீச்சில் இழந்தன. அமெரிக்கா செயற்கை ரப்பரைப் பேரளவில் ஆக்கத் தொடங்கியது. தோட்டத்தில் எஞ்சியிருந்த நம் மக்களோ சயாம் மரண இரயில்பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டனர். போர் முடிந்து பாலுக்கு மீண்டும் விலை வந்தபோது, உலகம் அதை விட்டும் வாழக் கற்றிருந்தது. தோட்டத் தமிழரின் பிற்கால வரலாற்றை எழுதுவோர் கூலியையும் கங்காணியையும் சொல்லி, இவ்வேதியியலைச் சொல்லாது விடுவது பெருங்குறை என்பது என் கருத்து.

1957ஆம் ஆண்டில் டுபாண்ட் வெளியிட்ட வைட்டான், சுமார் 200 பாகை வெப்பத்தையும் தாங்கியது. இன்றைய உயர்விலைக் கார்களில் இவ்வகை ரப்பரும் டெஃப்லான் உதடுகளும் உள்ளன. அவ்வாறாயின் அவை ஏன் கசிகின்றன? விலை மிகுந்த வண்டியில் எஞ்சின் பெரிது, அறை குறுகியது, டர்போவின் சூடு வேறு. அடைப்பான்கள் ஆண்டுக்கணக்கில் வெந்து வெந்து இறுகுகின்றன. சிங்கப்பூரில் 1990ஆம் ஆண்டு முதல் வாகன உரிமைச் சான்று பத்தாண்டுக்கே கிடைக்கிறது. அதைப் புதுப்பித்து ஓட்டுவோர் பலர். அடைப்பான் இறுகும் வயதும் ஏறத்தாழ அதுவே.

கசிவைக் கண்டறிவதில் கண்ணை நம்புவது தவறு. எண்ணெய் மேலிருந்து கீழே வழியும். ஓட்டத்தின் காற்றில் பின்னோக்கிச் சிதறும். எனவே நனைந்த இடம் வேறு, கசிந்த இடம் வேறு. உயர்ந்த கார்களில் அடியில் ஒரு தட்டும் உண்டு. அது சொட்டும் எண்ணெயை ஏந்திக்கொள்வதால் தரையில் கறையே தெரியாது. வெந்த எண்ணெயின் நாற்றமே முதல் அறிகுறி. எஞ்சினை நன்றாகக் கழுவித் துடைத்து, சிறிது தூரம் ஓட்டி, பின் மேலிருந்து கீழாகப் பார்த்து வரவேண்டும். எண்ணெயில் ஒளிரும் சாயம் கலந்து புற ஊதா விளக்கில் பார்ப்பதும் உண்டு. வால்வு மூடியின் கேஸ்கட்டே பெரும்பாலும் முதற்குற்றவாளி. பி.எம்.டபிள்யூ. ஆறு உருளை எஞ்சின்கள் சிலவற்றில் எண்ணெய் வடிகட்டித் தாங்கியின் கேஸ்கட் கசிந்து பெல்ட்டை நனைப்பதும், மெர்சிடிஸ் எஞ்சின்கள் சிலவற்றில் காம்தண்டுக் காந்தத்தின் வழி கசிந்த எண்ணெய் மின்கம்பிக்குள்ளேயே ஏறிச் செல்வதும் பட்டறைக்காரர் நன்கறிந்தவை.

எதையும் கழற்றுமுன் எஞ்சின் மூச்சுவிடும் வழியைப் பார்த்தல் வேண்டும். 1960களின் தொடக்கம்வரை எஞ்சினுக்குள் சேரும் வளியை ஒரு குழாய் சாலையிலேயே கக்கிற்று. கலிபோர்னியாவின் புகைமூட்டத்தால் அவ்வளியை எஞ்சினே உறிஞ்சி எரிக்கும் வால்வு வந்தது. அவ்வால்வு அடைபட்டால் உள்ளழுத்தம் ஏறி நல்ல அடைப்பானையும் பிதுக்கும். வால்வை விட்டுவிட்டு அடைப்பானை மட்டும் மாற்றினால், ஓரிரு திங்களில் அதே கசிவு திரும்பிவரும்.

பழுது நீக்குவதில் பொறுமையே பாதி வேலை. அலுமினியப் பரப்பைக் கூர்க்கத்தியால் சுரண்டினால் அக்கீறலே புதுக் கசிவாகும். திருகாணிகளைக் குறிப்பிட்ட முறுக்களவுக்கு, குறுக்கு நெடுக்காக, படிப்படியாக இறுக்கவேண்டும். பலத்தைக் காட்டினால் பிளாஸ்டிக் மூடி வெடிக்கும். ஒட்டுப்பசையை அள்ளிப் பூசினால் உதிர்ந்த துண்டுகள் பம்பின் சல்லடையை அடைக்கும். டெஃப்லான் அடைப்பானைப் பெரும்பாலும் எண்ணெய் தடவாமல் உலர்ந்தபடியே பொருத்தி, சில மணி நேரம் விட்டபின்னரே எண்ணெய் ஊற்றவேண்டும்.

வருமுன் காக்க விரும்புவோர் குறித்த தர எண்ணெயைக் காலத்தில் மாற்றுதலும், அளவுக்குமேல் ஊற்றாதிருத்தலும் வேண்டும். கடைகளில் விற்கும் கசிவு நிறுத்தும் மருந்து என்ன செய்கிறது? இறுகிய அடைப்பானைச் சற்றே வீங்கச் செய்கிறது! இயற்கை ரப்பரை எஞ்சினிலிருந்து விலக்கிவைத்த அதே வீக்கம் இங்கே மருந்தாக விற்கப்படுகிறது. அதனால் கிடைப்பது சிறிது காலமே.

பால்மரம் எஞ்சினுக்கு முற்றிலும் அயலானதும் அன்று. எஞ்சினின் அதிர்வை உடலுக்கு ஏறவிடாமல் தாங்கும் தாங்கிகளுக்கு இயற்கை ரப்பரே இன்றும் சிறந்தது. விலையுயர்ந்த காரின் அமைதியில் பெரும்பங்கு அதனுடையது. கசியும் எண்ணெய் நாளடைவில் வழிந்து சேரும் இடங்களுள் அத்தாங்கியும் ஒன்று. பட்டறைக்குக் காரைக் கொண்டு செல்வோர் கேஸ்கட்டை மாற்றியதோடு திரும்பிவிடாமல், கசிவுக்குக் கீழே உள்ள தாங்கியையும் பார்க்கச் சொல்லவேண்டும். அது வீங்கி மெலிந்திருந்தால் அதையும் மாற்றியே தீரவேண்டும்.