'ரேரும் நோவாரும்' சுற்றுமடலில் சொத்துரிமையும் சோசலிச மறுப்பும்

1891 மே 15ஆம் நாள் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ வெளியிட்ட 'ரேரும் நோவாரும்' தொழிலாளர் நலன் பேணிய ஆவணமாகவே பெரிதும் அறியப்படுகிறது. ஆயினும் அதன் தொடக்கப் பகுதி முழுவதும் சோசலிச மறுப்பே. 1878இல் இதே திருத்தந்தை விடுத்த சுற்றுமடலில் கண்டனமே மேலோங்கி நின்றது. 1891இல் அது வாதமாக வளர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் திருச்சபைக்குள்ளிருந்தே தொழிலாளர் சார்பான குரல்கள் எழுந்திருந்தன. அமெரிக்கத் தொழிலாளர் அமைப்பொன்று தடைசெய்யப்படாதவாறு கர்தினால் கிப்பன்ஸ் 1887இல் உரோமையில் வாதாடினார். 1889இல் இலண்டன் துறைமுக வேலைநிறுத்தத்தில் கர்தினால் மேனிங் சமரசம் செய்தார். இவர்களுக்கு முன்னோடி மைன்ஸ் ஆயர் கெட்டலர். தொழிலாளர் சிக்கல் குறித்து 1864இல் நூல் எழுதிய அவர், சோசலிசத் தலைவர் லசாலிடமே பெயர் குறிப்பிடாமல் மடல்வழி ஆலோசனை கேட்டவர்.

சுற்றுமடலின் மைய வாதம் நுட்பமானது. தொழிலாளி தன் கூலியில் மிச்சம் பிடித்து நிலம் வாங்கினால், அந்நிலம் வேறு வடிவிலுள்ள அவன் கூலியே. எனவே சொத்தைப் பொதுவாக்குவது முதலில் தொழிலாளியையே வறியவனாக்கும் என்கிறது அது. சோசலிசத்தை அதன் சொந்தக் களத்திலேயே எதிர்கொள்ளும் முயற்சி இது. ஆனால் மிச்சம் பிடிக்கும் அளவுக்குக் கூலி இருந்தாலன்றி இவ்வாதம் நில்லாது. ஒப்பந்தத்தால் மட்டும் கூலி நியாயமாகிவிடாது, சிக்கனமாக வாழும் தொழிலாளியைத் தாங்க அது போதுமானதாதல் வேண்டும் எனப் பின்னர் வலியுறுத்தப்படுவதை இத்துடன் இணைத்தே படிக்க வேண்டும்.

சிக்கல் வேறிடத்தில் உள்ளது. தனிச்சொத்தைச் சுற்றுமடல் இயற்கை உரிமை என்கிறது. தாமஸ் அக்குவினாசோ அதனை இயற்கைச் சட்டத்துக்கு மனித அறிவு சேர்த்த கூடுதல் ஏற்பாடாகவே கருதினார். உழைப்பு நிலத்தில் பதிக்கும் முத்திரையால் உரிமை பிறக்கிறது என்னும் பகுதி, அக்குவினாசைவிட ஜான் லாக்கின் சாயலையே மிகுதியும் காட்டுகிறது என்று ஆய்வாளர் சிலர் கூறுவது பொருத்தமானதே. உடைமை தனியாருக்குரியது, பயன்பாடு பொதுவானது என்னும் அக்குவினாஸ் கருத்தும் ஆவணத்தில் உண்டு. எனினும் சோசலிச மறுப்பின் வேகத்தில் அது பின்தள்ளப்பட்டது.

நாற்பது ஆண்டுகளுக்குப் பின், 1931இல், பதினொன்றாம் பயஸ் வெளியிட்ட 'குவாட்ராஜேசிமோ அன்னோ' சொத்தின் சமூக இயல்பை முன்னிறுத்தியது. பொதுவுடைமையினின்று மிதவாத சோசலிசத்தைப் பிரித்தறிந்து, பின்னதன் கோரிக்கைகள் சில கிறித்தவச் சீர்திருத்தத்தை நெருங்குவதை ஒப்புக்கொண்டது. தனியாரிடம் விடவொண்ணா ஆற்றல் கொண்ட சில உடைமைகளை அரசு வைத்திருக்கலாம் என்றும் ஏற்றது. ஆயினும் உண்மையான சோசலிசத்தைக் கத்தோலிக்கர் ஏற்கவியலாது என்னும் தீர்ப்பில் அது தளரவில்லை.