‘பெர்ஹாப்ஸ்’: நற்பேற்றில் பிறந்த ஐயச்சொல்

உறுதியாகத் தெரியாத ஒன்றைச் சொல்ல ஆங்கிலத்தில் சட்டென்று வாய்க்கு வருபவை ‘பெர்ஹாப்ஸ்’, ‘மேபி’ என்னும் இரண்டு சொற்கள். அகராதியைப் புரட்டினால் இரண்டுக்கும் ‘ஒருவேளை’ என்றே பொருள் போட்டிருக்கும். ஆனால் அவை பிறந்த குடி வேறு, வளர்ந்த வழி வேறு.

‘பெர்ஹாப்ஸ்’ ஒரு கலப்புச் சொல். முன்பாதியான ‘பெர்’ லத்தீனில் வேர்கொண்டு பிரெஞ்சோடு வந்தது. ‘ஆல்’, ‘வழியாக’ என்று பொருள். பின்பாதியான ‘ஹாப்’, ஸ்காண்டிநேவியரின் பழைய நார்ஸ் மொழிக்கு உரியது. நற்பேறு, தற்செயல் என்று பொருள். 865-இல் டேனியப் பெரும்படை இங்கிலாந்தில் இறங்கியது. பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறியவர்களின் சொற்கள் ஊர்ப்பேச்சில் கலந்தன. 1066-இல் நார்மானியர் வென்றதும் பிரெஞ்சு அரசவை ஏறியது. ‘பெர்சான்ஸ்’, ‘பெரட்வெஞ்சர்’ என்ற பிரெஞ்சு வழிச் சொற்கள் வழக்குக்கு வந்தன. அவற்றின் அச்சில்தான் இடைக்கால ஆங்கிலத்தின் பிற்பகுதியில் ‘பெர்ஹாப்ஸ்’ உருவாயிற்று. ‘தற்செயல்களால்’ என்பதே அதன் நேர்ப்பொருள்.

‘ஹாப்’ குடும்பம் பெரியது. நிகழ்வதைச் சொல்லும் ‘ஹாப்பன்’, விபத்தைச் சொல்லும் ‘மிஸ்ஹாப்’, பேறற்றவனைச் சொல்லும் ‘ஹாப்லெஸ்’ எல்லாம் அதன் பிள்ளைகளே. ‘ஹாப்பி’ என்பதற்கும் முதலில் ‘நற்பேறு வாய்த்த’ என்றுதான் பொருள். மகிழ்ச்சி பிறகு வந்து சேர்ந்தது. நடப்பதெல்லாம் ஊழின் கையில் என்ற பழைய நம்பிக்கை இக்குடும்பம் முழுவதிலும் ஓடுகிறது.

1611-இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் விவிலியத்தில் சோதோம் நகருக்காக ஆபிரகாம் மன்றாடும் இடத்தில் நிற்பது ‘பெரட்வெஞ்சர்’. ‘பெர்ஹாப்ஸ்’ அந்நூலில் அரிதாகவே தென்படுகிறது. இன்றோ நிலைமை தலைகீழ்: பழையவை ஏட்டோடு நின்றன, ‘பெர்ஹாப்ஸ்’ நிலைத்தது.

‘மேபி’யின் கதை எளியது. ‘இட் மே பி’ என்ற தொடர் தேய்ந்து ஒரு சொல்லானது. ‘மே’ என்பதன் பழம்பொருள் ‘வல்லமை’. ஆகவே ஒன்று பேற்றிலிருந்து வந்தது, மற்றது ஆற்றலிலிருந்து வந்தது. தமிழின் ‘ஒருவேளை’, ‘ஒருகால்’ இரண்டும் காலத்திலிருந்து வந்தவை.

இந்த வேறுபாடு நம் மாணவர்களை இடறச் செய்கிறது. ‘ஒருவேளை மழை வந்தால்’ என்று நாம் நிபந்தனையோடு சேர்த்துச் சொல்கிறோம். அங்கே ‘பெர்ஹாப்ஸ்’ பொருந்தாது. ‘இன் கேஸ்’ அல்லது வெறும் ‘இஃப்’ போதும். ‘மேபி’யைச் சேர்த்து எழுதினால் வினையடை, ‘மே பி’ என்று பிரித்தால் வினை. பேச்சில் ‘மேபி’ இயல்பு, கட்டுரையில் ‘பெர்ஹாப்ஸ்’ பொருத்தம். கட்டளையின் கூர்மையைக் குறைத்துப் பணிவாகக் கேட்கவும் ‘பெர்ஹாப்ஸ்’ உதவும்.

எவ்வளவு வாய்ப்பு என்பதை மட்டும் இச்சொல் சொல்லாது. அத்தகைய தெளிவின்மை எங்கே கொண்டு விடும் என்பதை அமெரிக்க உளவுத்துறை ஆய்வாளர் ஷெர்மன் கென்ட் 1964-இல் எழுதிய கட்டுரை காட்டுகிறது. யுகோஸ்லாவியா மீது படையெடுப்பு நிகழ ‘சீரியஸ் பாசிபிலிட்டி’ உண்டு என்று 1951-இல் ஓர் அறிக்கை கூறியது. அதை எழுதியவர்களையே கேட்டபோது ஒருவர் மனத்தில் 20 விழுக்காடு இருந்தது, இன்னொருவர் மனத்தில் 80 இருந்தது. இந்தக் குழப்பம் நேராதிருக்கவே ஐ.நா.வின் பருவநிலை மாற்றக் குழு தன் அறிக்கைகளில் சொல்லுக்கு எண் வகுத்திருக்கிறது: ‘லைக்லி’ என்றால் குறைந்தது 66 விழுக்காடு, ‘வெரி லைக்லி’ என்றால் குறைந்தது 90.

அதனால் ‘பெர்ஹாப்ஸ்’ பயனற்றதாகிவிடாது. தெரிந்ததற்கும் தெரியாததற்கும் நடுவே நேர்மையாகக் கோடு கிழிப்பது அது. எண் தெரிந்தால் எண்ணைச் சொல்லுங்கள். சான்று வலுவாக இருந்தால் ‘ப்ராபப்ளி’ என்று எழுதுங்கள். நடக்கலாம் என்பதற்கு மேல் எதுவும் கையில் இல்லாதபோது ‘பெர்ஹாப்ஸ்’ என்று தயங்காமல் எழுதுங்கள். அறியாததை அறிந்ததுபோல் எழுதுவதைவிட அது எவ்வளவோ மேல்.