மைசூரு தசரா: சமய விழாவும் மக்களாட்சி அரசும்

மைசூரு தசரா, 1610-இல் மன்னர் ராஜ உடையார் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தொடங்கிய நவராத்திரி விழாவின் தொடர்ச்சியாகும். இன்று கர்நாடக அரசு இதனை 'நாட ஹப்ப', அதாவது நாட்டுத் திருவிழா, எனப் பொதுப்பணத்தில் நடத்துகிறது. முன்பு மன்னர் அமர்ந்து வந்த, ஏறத்தாழ 750 கிலோ எடையுள்ள பொன் அம்பாரியில் இப்போது சாமுண்டேசுவரியின் திருவுருவம் யானைமீது பவனி வர, முதலமைச்சர் மலர்தூவி வணங்குகிறார். மக்களாட்சி அரசு நடத்தும் சமய விழா எவருக்குரியது என்னும் வினா 2025-இல் கூர்மையடைந்தது: முஸ்லிம் எழுத்தாளர் பானு முஷ்டாக் விழாவைத் தொடங்கிவைப்பதை எதிர்த்த மனுக்களைக் கர்நாடக உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்ய, உச்ச நீதிமன்றமும் அரசியலமைப்பின் முகப்புரையை நினைவூட்டி மேல்முறையீட்டை நிராகரித்தது. அரசு மேடை குடிமக்கள் அனைவருக்கும் உரியதாகையால் இம்முடிவு முற்றிலும் சரியானதே. 2017-இல் முஸ்லிம் கவிஞர் நிசார் அகமது இவ்விழாவைத் தொடங்கிவைத்த முன்மாதிரியும் உண்டு. 2025 செப்டம்பர் 22 அன்று பானு முஷ்டாக் சாமுண்டி மலையில் விழாவைத் தொடங்கிவைத்தார்.